முப்பத்தேழாம் நிமிடத்து நாய்

வீட்டுச் சாமான்களை வாங்கிச் சோதித்து, மாதப் பத்திரிகையில் மதிப்பெண் போடும் நிறுவனம் அது. இஸ்திரிப் பெட்டிக்கு ஓர் அறை, குக்கருக்கு ஓர் அறை என்று நீண்டுகொண்டே போகும் மூன்றாம் மாடியின் கடைசியில், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் படக்காரர் உட்கார்ந்திருப்பார். மற்றதில் சத்தக்காரம்மா. சம்பளச் சீட்டில் இருவருக்கும் நல்ல பெயர்கள் உண்டு. ஆனால் வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை எல்லோரும் கூப்பிட்டது இப்படித்தான்.

டிஸ்க்கில் படம் ஓட்டும் புளூ-ரே பிளேயர் எது சோதனைக்கு வந்தாலும் படக்காரர் அறையில்தான் வைப்பார்கள். அவருடைய டிவியில் சத்தம் வராது. ஸ்பீக்கரையே கழற்றிவிட்டிருந்தார்கள். பிளேயரின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஓர் ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும். அங்கே பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, டிவி என்ற பொருளே இல்லாத அறையில், சத்தக்காரம்மா கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல சத்தத்தோடு பார்த்தால் சுமாரான படமும் பிரமாதமாகத் தெரியும், நல்ல படத்தோடு கேட்டால் கரகரச் சத்தமும் காதுக்கு இனிக்கும், மதிப்பெண் கெட்டுவிடும். இது முதல் மேலாளர் போட்ட விதி. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். விதி போகவில்லை. சோதனையைப் பற்றி இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அதே விதியின் இரண்டாம் பத்தி.

சோதனைக்கு என்று ஒரே டிஸ்க், ஒரே படம். இரண்டு மணி பதினோரு நிமிடம். மழை, தீ, ரயில், கூட்டம், இருட்டு, கிசுகிசுப்பு எல்லாம் அதில் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் படக்காரர் அதை முன்னூற்றுப் பதினாறு தடவை பார்த்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. சத்தக்காரம்மா அதே முன்னூற்றுப் பதினாறு தடவை கேட்டிருந்தார். ஒரு முகம் பார்த்ததில்லை. "ஒரு நாள் வீட்ல போட்டு முழுசாப் பாத்துட வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்டால், "செருப்புக் கடைக்காரர் வீட்டுக்குப் போயும் செருப்பையா பாத்துக்கிட்டிருப்பார்?" என்பார் படக்காரர்.

படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் டீ நேரத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பேசிப் பேசி, படக்காரரின் மகளுக்கும் சத்தக்காரம்மாவின் மகனுக்கும் கல்யாணமே நடந்து முடிந்தது. அன்றிலிருந்து அவர் இவருக்குச் சம்பந்தி, இவர் அவருக்குச் சம்பந்தியம்மா. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு வருடம் சுமுகமாகவே ஓடியது.

அப்போதுதான் அந்த மலிவு விலை பிளேயர் வந்து சேர்ந்தது.

எந்தப் பொருளும் முதலில் 'சுத்தியல்' என்று பெயரெடுத்தவரிடம் போகும். கட்டுமானத் தரம் பார்ப்பது அவர் வேலை. அவர் மேஜையில் சுத்தியல் கிடையாது, கை போதும். பெட்டியைத் தூக்கியதுமே கீழே வைத்துவிட்டு, "உள்ள மெஷின் இருக்கா, இல்ல மெஷினோட போட்டோ இருக்கா?" என்றார். திறந்து பார்த்தால் மெஷின்தான் இருந்தது. மேல்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போய், கொஞ்சம் யோசித்து, வெளியே வந்தது. டிஸ்க் வைக்கும் தட்டை ஐயாயிரம் தடவை திறந்து மூடினார். மூவாயிரத்துச் சொச்சத்தில் அது தும்மல் மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஆனால் நிற்கவில்லை. அடியில் நான்கு ரப்பர் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. டிஸ்க் சுழன்றால் பிளேயர் மேஜைமேல் நகர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு சாண். "நடக்குது, ஆனா நல்லா ஓடுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே மாடிக்குத் தூக்கி வந்தார்.

படக்காரர் பிளேயரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரே ஓர் ஓட்டை. சுற்றிச் சுற்றித் தடவினார்.

"சத்தத்துக்கு ஓட்டை எங்கப்பா?"

"அவ்வளவுதான் சார். படமும் சத்தமும் ஒரே ஒயர்ல போகும். விலையைக் குறைக்கணும்ல, ஓட்டையைக் குறைச்சுட்டாங்க" என்றார் சுத்தியல்.

விஷயம் மேலாளரிடம் போனது. மேலாளர் எதையும் எண்ணிக்கையாக்கிப் பார்த்தால்தான் நிம்மதியாகத் தூங்கும் மனிதர். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். நடுவில் வேறொரு பெட்டி வைத்துச் சத்தத்தைப் பிரிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப அந்தப் பெட்டிக்கும் சேர்த்துல்ல மார்க் போட்டதா ஆகும்?" என்று மறுத்துவிட்டார். கடைசியில் வரவேற்பறையில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் உள்ள டிவியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, சம்பந்திகள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து சோதிக்க எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார்.

காலை பத்தரை மணிக்கு ஆளுக்கொரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். டிஸ்க்கைப் படிக்க பிளேயர் நாற்பத்தொரு விநாடி எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் மழை பெய்தது. மழையில் ஒரு வீடு. ஆண் குரல் ஒன்று, "அந்த வருஷம் மழை நிக்கவே இல்லை" என்றது.

படக்காரர் நிமிர்ந்தார். "யாரு பேசறது?"

"கதை சொல்றவர்."

"எங்க இருக்கார்? யாருமே இல்லையே."

"அவர் எப்பவுமே இருக்கார், சம்பந்தி. ரொம்பத் தங்கமான மனுஷன்."

"முன்னூத்திப் பதினாறு தடவை பாத்திருக்கேன். ஒரு தடவைகூட என் கண்ணுல படலையே!"

'நிமிடம் 2: ஆளில்லாத குரல்' என்று நோட்டில் எழுதினார். சத்தக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சம்பந்தியாயிற்றே என்று பொறுத்துக்கொண்டார். ஒன்பதாம் நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்து வரப்போவது டாக்டர். பதினோரு வருடமாக அவருக்குப் பிடித்த குரல் அது. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தலை லேசாக நரைத்த ஒருவர் என்று மனதில் எப்போதோ முடிவுசெய்து வைத்திருந்தார்.

கதவு திறந்தது. வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அடர்ந்த புருவமும் முறுக்கிய மீசையுமாக ஓர் ஆள் கறுப்புப் பையோடு நின்றார். வாயைத் திறந்தார். பூ மாதிரி அந்தக் குரல் வந்தது.

"ஐயையோ, யாரு இந்தத் தடியன்?" என்று கத்திவிட்டார் சத்தக்காரம்மா.

"திருடன்" என்றார் படக்காரர்.

"என்னது? டாக்டருங்க அவர்!"

"டாக்டரா? முழியைப் பாருங்க. பையைப் பாருங்க. படம் பூரா அந்தப் பையை ஒருத்தருக்கும் திறந்து காட்ட மாட்டான். சுருட்டினதெல்லாம் அதுலதான் இருக்கு."

"பைக்குள்ள மருந்து பாட்டில் உரசற சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

"இன்னைக்குத்தான் கேக்குது. அதைத்தானே சொல்றேன், சத்தம் தப்பு!"

'நிமிடம் 9: டாக்டரின் குரல் சம்பந்தமில்லாத ஒருவர் வாயிலிருந்து வருகிறது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார் சத்தக்காரம்மா.

அதற்குப் பிறகு இருவருமே பேனாவைக் கீழே வைக்கவில்லை. அழுகிறாள் என்று படக்காரர் நினைத்திருந்த பெண், சத்தத்தோடு பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையம் என்று சத்தக்காரம்மா நினைத்திருந்த இடம் மாவு மில்லாக இருந்தது. முப்பத்தேழாம் நிமிடத்தில், காய்ச்சலில் படுத்திருக்கும் வீட்டுக்காரரின் கட்டிலடியிலிருந்து பழுப்பு நிற நாய் ஒன்று எழுந்து வந்து சோம்பல் முறித்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் சத்தக்காரம்மா.

"அது அங்கதான் இருக்கும். கடைசி வரைக்கும் கூடவே வரும். நல்ல நாய்."

"ஒரு தடவைகூடக் குரைக்கலையே! குரைக்காத நாயை யாராவது படத்துல வைப்பாங்களா? இந்த பிளேயர் வேற எந்தப் படத்துலருந்தோ நாயை இழுத்துக்கிட்டு வருது."

'நிமிடம் 37 முதல்: தேவையில்லாத நாய்.'

இரண்டு மணி நான்காவது நிமிடத்தில், வீட்டுக்காரரின் மனைவி ஒரு கோப்பையைக் கையில் எடுத்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. கோப்பை அந்தரத்தில் நின்றது.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்றார் படக்காரர்.

"நானா? ரிமோட் உங்க பக்கத்துல இருக்கு."

"நிறுத்திட்டு என்னையே சொல்லுங்க. எப்படியும் கடைசி எனக்குத் தெரியும். அந்தக் கோப்பையில விஷம். அவளும் திருடனும் கூட்டு."

"விஷமா? அது மருந்துங்க! குடிச்சுட்டு அவர் நிம்மதியாத் தூங்கறார். மூச்சு சீரா வரும். எவ்வளவு தடவை கேட்டிருக்கேன்! உங்க புத்தி ஏன் இப்படிப் போகுது?"

புத்தி என்ற சொல் வந்த பிறகு படக்காரரால் அங்கே உட்கார முடியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சத்தக்காரம்மாவும் எழுந்தார். திரையில் கோப்பை நின்றது நின்றபடியே இருந்தது. பிளேயரின் மேல்மூடி தோசைக்கல் மாதிரி சுட்டதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மேலாளர் இரண்டு அறிக்கைகளையும் கூட்டிப் பார்த்தார். படத்துக்குப் பொருந்தாத சத்தம் அறுபத்தெட்டு இடம். சத்தத்துக்குப் பொருந்தாத படம் நாற்பத்துநான்கு இடம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அனுபவசாலிகள் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, இரண்டும் ஒரே குறையைச் சொன்னால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அடுத்த இதழில் பெரிய எழுத்தில் வந்தது: 'வேறு படத்தின் சத்தத்தை ஓட்டும் பிளேயர்! வாசகர்களே, உங்கள் வீட்டில் நாய் வருகிறதா?'

கடிதங்கள் குவிந்தன. பாதிப் பேருக்கு நாய் வந்திருந்தது. ஒருவர் வீட்டில் யானை.

ஆனால் சம்பந்திகளுக்கு நடுவே விரிசல் மூடவில்லை. பிள்ளைகள் வீடு வரைக்கும் அது நீண்டது. படக்காரரின் மகள் பேங்க்கில் வேலை. சத்தக்காரம்மாவின் மகன் பல் டாக்டர். இருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கரண்டியும் கையுமாகச் சொன்னாள்: "எங்கப்பா பதினோரு வருஷமா பாக்கறார். விஷம்னா விஷம்தான்."

"எங்கம்மா காது உனக்குத் தெரியாது. மூணாவது வீட்ல குழாய் சொட்டினாகூடச் சொல்லிடுவாங்க. அந்த ஆள் தூங்கறார்."

"பொண்டாட்டி கையால வாங்கிக் குடிச்சுட்டு எவன் நிம்மதியாத் தூங்கறான்னு சொல்லுங்க பார்ப்போம்."

இது எங்கே போகும் என்று தெரிந்ததும் மகன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். நான்கு நாள் அங்கேயே சாப்பிட்டான்.

இதழ் வெளிவந்த இரண்டாம் வாரம் பிளேயர் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தாள். சின்ன வயது. தோள்பையில் மூன்று பிளேயர்கள். தூக்கிக்கொண்டு படியேறிய களைப்பே தெரியவில்லை. அவ்வளவுதான் அவற்றின் கனம். "சார், நாய் எப்படி வந்துச்சுன்னு தொழிற்சாலையில நாங்க ராப்பகலா தேடிட்டோம்" என்றாள். "எங்க சர்க்யூட்ல நாய்க்கு இடமே இல்லை."

மேலாளர் தலைமையில் மறு சோதனை நடந்தது. சம்பந்திகள் நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலியில் இன்ஜினியர். நாய் வந்தது. அவள் நாயையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், இது படத்துல இருக்கற நாய்" என்றாள் மெதுவாக.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் சத்தக்காரம்மா.

இரண்டு மணி நான்காவது நிமிடத்தில் கோப்பை அந்தரத்தில் நின்றது. இன்ஜினியர் பாய்ந்து போய் மூடியைத் தொட்டு, கையை உதறிக்கொண்டாள்.

"சார்! இது சூடாகி நிக்குது! காத்துப் போக வழியில்லை. இதுதான் சார் நிஜமான பழுது. இதை எழுதிக்கோங்க!"

"அது இவங்க நிறுத்தினது" என்றார் படக்காரர்.

"அவர் நிறுத்தினது" என்றார் சத்தக்காரம்மா.

"அதெல்லாம் சின்ன விஷயம்மா. நாய்க்குப் பதில் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கம்பெனியின் உண்மையான குற்றத்தைத் தானே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட இருக்கறதுலயே விலை அதிகமான பிளேயரைக் கொண்டாங்க. அதுல போட்டுப் பாப்போம்" என்றாள்.

போன வருடம் முழு மதிப்பெண் வாங்கிய பிளேயரைச் சுத்தியல் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். அது நடக்கவில்லை, வைத்த இடத்தில் மலை மாதிரி இருந்தது. அதிலும் படத்தையும் சத்தத்தையும் ஒரே ஒயரில் விட்டார்கள். ஆளில்லாத குரல் கேட்டது. தடியன் பூப்போலப் பேசினான். முப்பத்தேழாம் நிமிடத்தில் நாய் எழுந்து சோம்பல் முறித்தது.

"இந்த விலைக்குமா நாய்!" என்று மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினியர் சுவரையும் ஒயருக்காகப் போட்ட துளையையும் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க ரெண்டு பேரும் இந்தப் படத்தை எப்பவாவது சேர்ந்து பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பை வந்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. மனைவி அதைக் கணவரின் உதட்டில் வைத்தாள். "குடிச்சுட்டுத் தூங்குங்க. காலைல எழுந்து உக்காந்துடுவீங்க" என்றாள். சத்தக்காரம்மா முன்னூற்றுப் பதினாறு தடவை கேட்டு நெகிழ்ந்த வரி. கணவர் தலை சாய்ந்தது. மூச்சு சீராக வந்தது. மனைவி திரும்பி, வாசலோரம் நின்றிருந்த டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மெல்லத் தலையை இரு பக்கமும் ஆட்டினார். படக்காரர் முன்னூற்றுப் பதினாறு தடவை பார்த்துப் பல்லைக் கடித்த இடம். அவள் உடனே கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஒருவேளை அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டால் என்பதற்காக அந்தச் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள்.

விஷமும் இல்லை. குணமாகப்போவதும் இல்லை.

படக்காரர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்தார். "அவ பொய் சொல்றான்னு நான் கண்டுபிடிச்சுட்டேன், சம்பந்தியம்மா. எதுக்குச் சொல்றான்னுதான் தெரியல" என்றார்.

"எனக்குப் பொய்னே தெரியல. அவ்வளவு நல்லாச் சொல்லியிருக்கா" என்றார் சத்தக்காரம்மா.

பின்னாலிருந்து பெரிதாக மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது. மேலாளர். "இவ்வளவு நல்ல படத்தை வச்சுக்கிட்டு பதினோரு வருஷமா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே!" என்றார் அழுகையும் கோபமுமாக.

அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் திருத்தம் வந்தது: 'முன் இதழில் குறிப்பிட்ட நாய் படத்தைச் சேர்ந்தது. தவறுக்கு வருந்துகிறோம். யானை பற்றி விசாரித்துவருகிறோம்.' பிளேயருக்குப் படத்தில் நல்ல மதிப்பெண், சத்தத்தில் நல்ல மதிப்பெண், கட்டுமானத்தில் சுத்தியல் போட்ட குறைந்த மதிப்பெண். சூடாகி நிற்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்ஜினியர் யாரிடமும் சொல்லாமல் தொழிற்சாலைக்குப் போய், மேல்மூடியில் இருபத்துநான்கு துளை போட வைத்தாள். அடுத்த மாதம் அந்தப் புது பிளேயர் ஒன்றை, நாலாவது ரப்பர் காலோடு, சம்பந்திகளுக்கு அனுப்பியும் வைத்தாள்.

அதைப் பிள்ளைகள் வீட்டு ஹாலில் வைத்தார்கள். ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்த நேரம். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறோம். விஷமா மருந்தான்னு நீங்களே சொல்லுங்களேன்" என்றாள் மகள். பெரியவர்கள் இருவரும் சொல்ல மறுத்துவிட்டார்கள். படத்தைப் போட்டார்கள்.

டாக்டர் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளையின் தலை சோபாவில் சாய்ந்தது. மாவு மில் வருவதற்குள் மகள் அவன் தோளில் தூங்கிப்போனாள். இந்தப் படத்துக்காக நான்கு நாள் பால்கனியில் சாப்பிட்டவன் லேசாகக் குறட்டை விட்டான்.

"எழுப்பலாமா?" என்றார் படக்காரர்.

"பாவம், வாரம் பூரா உழைக்குதுங்க. தூங்கட்டும்." சத்தக்காரம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார்.

திரையில் மனைவி ஜன்னலோரம் நின்று ஏதோ பேச ஆரம்பித்தாள். படக்காரர் முன்னால் குனிந்து அவள் வாயையே பார்த்தார். சத்தக்காரம்மா அவர் பக்கம் சாய்ந்து, ரகசியக் குரலில், அவளுடைய வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொல்லத் தொடங்கினார்.

"கொஞ்சம் மெதுவா, சம்பந்தியம்மா" என்றார் படக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க அரை விநாடி முன்னாடி போறீங்க."